அடிக்கு முன்னும் பின்னும்: தென்சென்னைப் புறநகரில் குடும்ப வன்முறை ஆலோசனைப் பணி

குடும்ப வன்முறையைக் கண்டுகொள்ளும் வேலை, ஒரு வீட்டில் யார் யாருக்குப் பயந்து நடக்கிறார்கள் என்று விசாரிப்பதில் தொடங்குகிறது. சண்டை இல்லாத வீடு கிடையாது. சத்தம் வரும், சில வீடுகளில் பாத்திரமும் பறக்கும். மறுநாள் காலையில் இருவரும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துக் காபி கேட்க முடிந்தால் அது சண்டையோடு முடிந்தது. ஒருவர் மட்டும் மற்றவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைக்கிறார், குழந்தையை உள்ளே அனுப்புகிறார், குழம்பில் உப்பை மறுபடி பார்க்கிறார் என்றால் அங்கே நடப்பது வேறு. இந்தத் தொழிலில் பழகிய ஆலோசகர்கள் காயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "அவர் வீட்டுக்குள்ள வர்றப்போ உங்களுக்கு என்னம்மா தோணும்?" என்று கேட்டுவிடுவார்கள். காயம் ஒரு நாளில் பட்டது. இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் பல வருடம் இருக்கும்.

களம்

நாவலூர் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) இருக்கிறது. ஒரு பக்கம் சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் மென்பொருள் ஊழியர்களின் அடுக்குமாடிகள். உள்ளே தள்ளித் தாழம்பூர், படூர்ப் பக்கம் வாடகைக்கு விட்ட வரிசை வீடுகள். வடக்கே செம்மஞ்சேரி மறுகுடியேற்றக் குடியிருப்பு. மேற்கே போனால் தாம்பரம் விமானப்படைத் தளமும், பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியும், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் ஓய்வுபெற்ற படைவீரர்கள் கட்டிய வீடுகளும் வரும். உதவி கேட்டு வருகிறவர்கள் இந்த எல்லா இடங்களிலிருந்தும் வருகிறார்கள்.

வீட்டின் அமைப்பைப் பொறுத்து வன்முறை வெளியே தெரியும் விதம் மாறுகிறது. வரிசை வீட்டில் பக்கத்துச் சுவருக்குக் கேட்டுவிடும். யாராவது கதவைத் தட்டுவார்கள். பதினான்காம் மாடியில் ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்ட ஃபிளாட்டில் எதுவும் கேட்காது. அங்கே முதலில் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் வேலைக்கு வரும் அக்காதான். உடைந்த வளையலைக் கூட்டுபவர் அவர். அடுத்தவர் வாசல் செக்யூரிட்டி. யார் வந்தாலும் கணவரின் போனுக்கு மட்டும் அனுமதி கேட்டுச் செய்தி போகும்படி குடியிருப்புச் செயலி அமைக்கப்பட்டிருக்கும். சொந்தத் தாய் வந்தால்கூட அவர் சம்மதித்தால்தான் கேட் திறக்கும். பாதுகாப்புக்காக வாங்கிய கருவி சில வீடுகளில் காவலுக்கும் பயன்படுகிறது.

எல்லைக் குழப்பமும் உண்டு. செம்மஞ்சேரி சென்னை மாவட்டம். அடுத்த நிறுத்தமான நாவலூர் செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் காவலில் நாவலூர், 2022 ஜனவரி 1 முதல் செயல்படும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. "ஓ.எம்.ஆர்.னா சென்னைதானே" என்று சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு அனுப்பப்பட்டு, அன்றைய கூலியையும் தைரியத்தையும் தொலைத்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. எந்த அலுவலகம் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவது ஆலோசகரின் அடிப்படைக் கடமை. எதுவும் புரியாதவருக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணே போதும். அது 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை.

எதெல்லாம் வன்முறை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என்று நால்வகை வன்முறையை வகுக்கிறது. வருகிறவர்கள் முதல் வகையை மட்டுமே வன்முறை என்று நினைத்து வருகிறார்கள். "அடிக்கல்லாம் மாட்டார் மேடம்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அனுபவமுள்ள ஆலோசகர் மற்ற மூன்றையும் வரிசையாக விசாரிப்பார்.

நாவலூர் பக்கம் பொருளாதார வன்முறைக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. மனைவி மாதம் எண்பதாயிரம் சம்பாதிப்பார். ஆனால் சம்பளக் கணக்கின் ஓ.டி.பி. கணவரின் எண்ணுக்குப் போகும். ஏ.டி.எம். கார்டு அவர் பர்ஸில் இருக்கும். ஃபிளாட் கடன் இருவர் பேரில், பத்திரம் அவர் பேரில் மட்டும். நாப்கின் வாங்கக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். செம்மஞ்சேரியில் வீட்டு வேலை செய்பவரின் கதையும் இதேதான்: சம்பளத்தன்று கணவர் வேலை செய்யும் வீட்டு வாசலிலேயே வந்து நிற்பார். கையில் வருவது எண்பதாயிரமோ எட்டாயிரமோ, செலவழிக்கும் முடிவு சம்பாதித்தவரிடம் இல்லை.

சொல்லாலும் மனத்தாலும் செய்யப்படும் வன்முறை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடப்பதால் அடையாளம் தெரியும். அலுவலக வண்டியிலிருந்து இறங்கியதும் படம் எடுத்து அனுப்பச் சொல்வது, தாய் வீட்டுக்குப் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வது, பிள்ளைகள் முன்னால் குலத்தையும் நிறத்தையும் இழுப்பது, பெண் குழந்தை பிறந்ததைச் சொல்லிக் காட்டுவது, "நான் செத்துருவேன், உன் பேரை எழுதி வச்சிட்டுச் செத்துருவேன்" என்று மிரட்டுவது. இவற்றில் எதையும் தனியாக எடுத்தால் அற்பமாகத் தெரியும். வருகிறவரிடம் ஒரு சாதாரண வாரத்தைத் திங்கள் முதல் ஞாயிறு வரை சொல்லச் சொன்னால், அற்பங்கள் சேர்ந்து ஒரு ஒழுங்கு தென்படும். அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களில் பெண்களின் அனுபவங்களைத் தொகுத்து வரைந்த 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற சக்கரப் படம் உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் இதற்காகவே பயன்படுகிறது: மிரட்டல், தனிமைப்படுத்தல், பணம், பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சில் சுழல்பவை.

பாலியல் வன்முறையை எவரும் முதல் சந்திப்பில் சொல்வதில்லை. இரண்டாம், மூன்றாம் சந்திப்பில், எழுந்து கிளம்பும்போது, கதவருகே நின்று சொல்வார்கள். கல்யாணத்துக்குள் அது குற்றமா என்ற சந்தேகம் அவர்களுக்கு. குற்றவியல் சட்டம் என்ன சொன்னாலும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனைவியின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தை வன்முறைதான். அதைச் சம்பவ அறிக்கைப் படிவத்தில் எழுதலாம், நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்கலாம்.

சட்டம் மனைவிக்கு மட்டுமானதல்ல. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவை மருமகள், திருமணம் செய்யாமல் இணைந்து வாழும் பெண் எல்லோரும் இதன் கீழ் வருவார்கள். மகன் பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறான் என்று மாடம்பாக்கத்திலிருந்து வரும் முன்னாள் ஹவில்தாரின் விதவைக்கும் இதே படிவம்தான்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் அளவு 29.3 விழுக்காடு. அதே ஆய்வில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. அலுவலகம் வரை வந்து உட்காருகிறவர் எத்தனையோ பேர் கடக்காத தூரத்தைக் கடந்து வந்திருக்கிறார். அவரை "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பக் கூடாது என்பதற்கு இந்த எண்ணே காரணம்.

முதல் அழைப்பு

முதல் அழைப்பு பெரும்பாலும் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வரும். கணவர் வெளியே, பிள்ளைகள் பள்ளியில். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது வழக்கமான பிறகு அந்த நேரமும் பத்திரமானதாக இல்லை. ஆகவே ஆலோசகர் எடுத்ததும் கேட்பது பெயரை அல்ல.

"இப்ப பேசலாமாம்மா?"

"ம்... சொல்லுங்க."

"பக்கத்துல இருக்காரா?"

"ஆமாக்கா, சிலிண்டர் இன்னும் வரல."

சிலிண்டர் என்றதும் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் மட்டும். இப்போது உயிருக்கு ஆபத்தா? போலீஸை அனுப்பட்டுமா? குழந்தைகள் கூட இருக்கிறார்களா? எப்போது திரும்பக் கூப்பிடலாம், காலையிலா, மதியமா? இதே எண்ணிலிருந்து கூப்பிட்டால் சந்தேகம் வருமா? ஆபத்து என்றால் 112 என்ற அவசர எண்ணுக்குத் தகவல் போகும். இல்லை என்றால் அழைப்பு இரண்டு நிமிடத்தில் முடியும். எண்ணை அழித்துவிடச் சொல்லித்தான் வைப்பார்கள்.

நேரில் வந்ததும் ஆபத்தின் அளவைக் கணிப்பது அடுத்த வேலை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுக் கேள்விகள் இந்தத் துறைக்கு அடித்தளம். அவற்றில் முதலில் கேட்க வேண்டியது கழுத்தைப் பற்றியது. "கழுத்தைப் பிடிச்சாரா?" என்றால், "அது சும்மா, கோவத்துல" என்று பதில் வரும். கழுத்தை நெரிப்பது சும்மா ஆகாது. வெளியே தடம் இல்லாமல் உள்ளே வீக்கம் வரலாம்; ஒருமுறை நெரித்தவர் பின்னால் கொலை வரை போகும் சாத்தியம் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண்ணில் ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்து உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அடுத்த கேள்விகள்: வீட்டில் ஆயுதம் இருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்றாரா, மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் ஊற்றி மிரட்டினாரா, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா, சமீபத்தில் நீங்கள் பிரிந்து போக முயன்றீர்களா? பெண் வீட்டை விட்டு வெளியேறும் நாட்களில் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. "வந்துடும்மா, பாத்துக்கலாம்" என்று உறவினர் அவசரப்படுத்தும்போது இதை அவர்களுக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

உடனே வெளியேற முடியாதவருக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதப்படும். சட்ட விதிகளில் இதற்கென்றே 5ஆம் படிவம் இருக்கிறது. நடைமுறையில் அது மிகச் சாதாரணமான விஷயங்களின் பட்டியல். சண்டை வந்தால் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகக் கூடாது. முன்னதில் கத்தி, பின்னதில் வெளியேற வழி இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகைப் படம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு ஒரு சங்கேதச் சொல் சொல்லித்தர வேண்டும். அதைக் கேட்டால் தம்பியை அழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும். தனக்கென்று ஒரு வங்கிக் கணக்கை, தன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும்படி, வேறு வங்கியில் தொடங்க வேண்டும்.

எழுத்தில் இருப்பதே நிற்கும்

இந்தத் தொழிலில் மூன்று காகிதங்கள் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது, அரசு மருத்துவமனையில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு, எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பணியிலிருக்கும் மருத்துவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் சொல்லும் பதில்தான் பதிவாகும். பக்கத்தில் மாமியார் நிற்பார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று வரும். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார். தீக்காயத்தில் இது இன்னும் கொடுமை. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் 'ஸ்டவ் வெடித்தது' என்ற வாக்கியத்தைக் கேட்டுப் பழகாத செவிலியர் இல்லை. சமையல் முழுக்க கேஸில் நடக்கும் வீட்டிலிருந்து வந்தவரும் அதையே சொல்வார். ஆகவே மருத்துவமனைக்குத் துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது, உறவினரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பி, மருத்துவரிடம் அந்தப் பெண்ணைத் தனியாகப் பேசவிடுவது.

இரண்டாவது, காவல் நிலையத்தில் மனுவுக்குத் தரும் ரசீது, பேச்சுவழக்கில் 'சி.எஸ்.ஆர்.' என்று பேர். முதல் தகவல் அறிக்கை போடாமல் மனுவை மட்டும் பதிவு செய்து எண் தருவது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் நடைமுறை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று எல்லாப் புறநகரிலும் உண்டு. அங்கே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்புவதே பல நேரம் முடிவாக இருக்கும். அந்த எழுத்து வெறும் காகிதம் என்று பெண்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அடித்ததைக் கணவரே ஒப்புக்கொண்ட வரி அதில் இருக்கிறது; நகலை வாங்கி வைத்தால் பின்னால் உதவும். கொடுமை தொடர்ந்தாலோ வரதட்சணை கேட்டாலோ முதல் தகவல் அறிக்கையே கேட்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை.

மூன்றாவது, பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை. விதிகளில் 1ஆம் படிவம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், செய்தவர் என்று கட்டங்கள். "எத்தனையோ தடவைங்க, எதைச் சொல்றது?" என்பார்கள். காலண்டர் தேதி நினைவில் இருக்காது. ஆனால் "சின்னவனுக்கு மொட்டை போட்ட வாரம்", "மாமனார் திவசத்தன்னைக்கு ராத்திரி", "2015 வெள்ளத்துல ஏரியா முழுக்க கரண்ட் இல்லாதப்போ" என்று நினைவிருக்கும். அந்த நினைவுகளிலிருந்து தேதியை மீட்டெடுப்பது பாதுகாப்பு அலுவலரின் கைவேலை. முதல் சம்பவம், மிக மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம் மூன்றும் தெளிவாக எழுதப்பட்டால் அறிக்கை உறுதியாக நிற்கும்.

நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம்

மனு நீதித்துறை நடுவரிடம் போகும். பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடத்தில் தாக்கல் செய்யலாம் என்பது 27ஆம் பிரிவு. அடி வாங்கியது புனேவில், இப்போது இருப்பது நாவலூரில் அக்கா வீட்டில் என்றால் இங்கேயே போடலாம். மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் மாதக்கணக்கில் நீளும். அதனால் 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குவது முக்கியம்.

கேட்கக்கூடியவை: நெருங்கக் கூடாது, அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ வரக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற உறைவிட உத்தரவு, அல்லது அதற்கு இணையான வாடகை வீடு, மருத்துவச் செலவும் மாதத் தொகையும், குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு, சீர் நகை திரும்பப் பெறுதல். "வீடு மாமனார் பேர்ல இருக்கு, உனக்கு உரிமை இல்ல" என்று சொல்லி வெளியே தள்ளுவது வழக்கம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் மருமகள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் பகிர்ந்த இல்லம் ஆகலாம் என்று தெளிவுபடுத்தியது.

இந்த நடவடிக்கை உரிமையியல் தன்மை கொண்டது. மனுப் போட்டதால் கணவர் சிறைக்குப் போவதில்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரும். "அவரை உள்ள தள்ளணும்னு இல்லக்கா, அடிக்காம இருந்தாப் போதும்" என்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வதிலேயே பாதிப் பயம் போய்விடும்.

படைக் குடும்பங்கள்

சீருடைக் குடும்பத்திலிருந்து வரும் பெண் மற்றவர்களைவிடத் தாமதமாக வருவார். வேலை, வீடு, மருத்துவம், கேன்டீன், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் கணவரின் எண்ணோடு கட்டப்பட்டவை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் கணவரின் மேலதிகாரியாக இருப்பார். ஹரியானாவிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால் தாம்பரத்தில் அவருக்குக் கடைக்காரரிடம் பேசும் தமிழ்கூடத் தெரியாது. "யூனிட்டுக்குத் தெரிஞ்சா இவர் புரமோஷன் போயிடும், அப்புறம் என்னைத்தான் அடிப்பார்" என்பது இந்தப் பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு மொழியில் சொல்வது.

பணி நெருக்கடி, எல்லையில் கண்ட காட்சிகள், தூக்கமின்மை எல்லாம் உண்மை. அவற்றுக்குச் சிகிச்சை வேண்டும். ஆனால் அவை வன்முறைக்கு விளக்கம் ஆகிவிடாது. அதே மனிதர் பரேடில் கமாண்டிங் அதிகாரியின் திட்டுக்கு அசையாமல் நிற்கிறார், யூனிட்டில் எவர் மேலும் கை வைப்பதில்லை. யாரிடம் கோபத்தைக் காட்டலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆலோசகர் இதை மனைவியிடம் எடுத்துச் சொன்னால், "அவருக்கு டென்ஷன்" என்று அதுவரை சொல்லிவந்த காரணம் கொஞ்சம் தளரும்.

வன்முறையின் நாட்காட்டியும் வேறு. கணவர் களப் பணியில் இருக்கும் மாதங்களில் கண்காணிப்பு வீடியோ அழைப்பில் நடக்கும்: இரவு பத்து மணிக்கு வீடு முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். ராணுவத்தில் வருடாந்திர விடுப்பே 60 நாள். விடுப்புக்கு வரும் தேதி தெரிந்ததும் சில பெண்களுக்குத் தூக்கம் போய்விடும். ஆகவே பாதுகாப்புத் திட்டத்தை விடுப்புக்கு முந்தைய மாதத்தில் எழுத வேண்டும். சிப்பாய்கள் முப்பதுகளின் நடுவிலேயே ஓய்வுபெற்று, ஏதாவது வங்கியிலோ குடியிருப்பிலோ காவல் வேலைக்குச் சேரும் காலம் இன்னொரு கட்டம். பதவியும் பேரும் போன வெறுமை, கேன்டீனில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு, காவல் வேலைக்காக எடுத்த உரிமத் துப்பாக்கி மூன்றும் ஒரே வீட்டில் சேரும். பணியிலிருப்பவரின் ஆயுதம் யூனிட்டில் பூட்டியிருக்கும். ஓய்வுபெற்றவரின் இரட்டைக் குழல் துப்பாக்கி பீரோவில் இருக்கும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ உரிமம் தந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. நடுவர் எழுத்துமூலம் உத்தரவிட்டால், பாதுகாப்பு அலுவலர் போலீஸ் துணையோடு ஆயுதத்தைக் கைப்பற்றலாம் என்று குடும்ப வன்முறைச் சட்ட விதிகளும் சொல்கின்றன. மனுவில் இதைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும்.

படை மனைவிக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று படையின் உள்வழி: கமாண்டிங் அதிகாரி, அல்லது 1966இல் ராணுவ மனைவியர் நலச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு, விமானப்படை, கடற்படையின் அதேபோன்ற சங்கங்கள். பேசிக் கண்டித்துவிடும் வேகம் இந்த வழிக்கு உண்டு. ரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லை, ஏனென்றால் சங்கத் தலைமையில் இருப்பவர் பெரும்பாலும் அதே அதிகாரியின் மனைவி. பணத்துக்கு இந்த வழி மிகவும் பயன்படும். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28ஆம் பிரிவு படைவீரரின் ஊதியத்தை நீதிமன்ற ஜப்தியிலிருந்து காக்கிறது. அதே சட்டத்தின் 90, 91 பிரிவுகளோ மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்காக ஊதியத்தில் நேரடியாகப் பிடித்தம் செய்யப் படை அதிகாரத்துக்கு வழி தருகின்றன. விமானப்படைச் சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. மனைவி எழுதும் விண்ணப்பத்தின் பேரில் கணவரிடம் விளக்கம் கேட்டு, உத்தரவு போட்டு, மாதாமாதம் மனைவியின் கணக்கில் பணம் ஏறும்.

இரண்டாவது குடிமை வழி: 181, பாதுகாப்பு அலுவலர், நடுவர் நீதிமன்றம். தள வாசலுக்குள் இருந்தாலும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். குவார்ட்டர்ஸ் கணவரின் பணியிடத்தோடு மாறும் வீடு என்பதால், அங்கே தங்கும் உத்தரவைவிட வெளியே வாடகைக்கான தொகையைக் கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. உரிமையியல் மனு மட்டும் வேலையைப் பறிக்காது. குற்ற வழக்கும் தண்டனையும் பணியைப் பாதிக்கலாம். இரண்டின் விளைவையும் சொல்லி, தேர்வை அவரிடமே விட வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆனால்தான் குடும்ப ஓய்வூதிய உரிமை போகும், பிரிந்து வாழ்வதால் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வழக்குகள் சிக்குவது முகவரியில்தான். 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சல் முகவரியைத் தவிர மனைவிக்கு எதுவும் தெரிந்திருக்காது. அழைப்பாணை யூனிட் வழியாகத்தான் போய்ச் சேரும். அதற்குச் சேவை எண், பதவி, யூனிட் பெயர் வேண்டும். சார்ந்திருப்போர் அட்டை, முன்னாள் வீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை, கேன்டீன் அட்டை ஆகியவற்றை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். யூனிட் மாறியிருந்தால் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், விமானப்படைக்கு டெல்லி. திருமணம் 'பார்ட் டூ ஆர்டரில்' ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் படையின் ஏட்டில் அவர் மனைவியே இல்லை.

அமெரிக்கப் படையில் 2006 முதல் இருவகைப் புகார் முறை இருக்கிறது. ஒன்றில் கமாண்டருக்குத் தெரிவிக்காமலேயே மருத்துவமும் ஆலோசனையும் பெறலாம்; மற்றொன்றில் விசாரணை தொடங்கும். குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், சிப்பாயே ஆனாலும், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996இல் அங்கே சட்டத் திருத்தம் வந்தது. முதல் வகை ரகசியத்தைத் தாம்பரத்துப் பெண்ணுக்கு இன்று 181உம் தன்னார்வ அமைப்புகளும்தான் தருகின்றன. கணவரின் பதவிப் பெயரைக்கூடச் சொல்லாமல் அவர் பேசலாம்.

தங்குமிடமும் தொடர்ச்சியும்

வீட்டை விட்டு வந்தவருக்கு அன்றிரவு படுக்க இடம் வேண்டும். 2015இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டத்தில் மருத்துவம், போலீஸ், சட்டம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்; ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் அரசு உதவிபெறும் தங்கும் இல்லங்கள். பாதியில் படிப்பு நின்றவர் தொடர்ந்து படிக்கத் தாம்பரம் சானடோரியத்தில் அரசு சேவை இல்லம் இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவருக்குத் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் 'தோழி' விடுதிகள் பொருந்தும். 2001 முதல் சென்னையில் இயங்கும் பி.சி.வி.சி. அமைப்பு உதவி எண்ணும் தங்குமிடமும் நடத்துகிறது. தீக்காயத்தில் பிழைத்த பெண்களுக்கென்று 'விடியல்' மையமும் அதனுடையது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பிள்ளைகள் அடிபட்டால் 1098, மன உளைச்சலுக்கு 14416.

அக்கம்பக்கத்தாருக்கும் இதில் வேலை உண்டு. 4ஆம் பிரிவின்படி வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது என்று நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தில் சொன்னதற்காக அவர் மேல் வழக்கு வராது. சத்தம் கேட்டால் கதவைத் தட்டி "ஒரு கப் சர்க்கரை இருக்கா?" என்று கேட்பதே சில இரவுகளில் அடியை நிறுத்தியிருக்கிறது. மாடி வீட்டுக்கார அம்மாவும், வகுப்பு ஆசிரியையும், செக்யூரிட்டியும் செய்யக் கூடாதது ஒன்றுதான்: அந்தப் பெண் சொன்னதைக் கணவரிடம் போய்க் கேட்பது.

உதவி பெற்றவர்களில் கணிசமானோர் திரும்ப அதே வீட்டுக்குப் போகிறார்கள். பிள்ளையின் பரீட்சை, தங்கையின் கல்யாணம், கையில் காசில்லாதது, "திருந்திட்டேன்" என்று அவர் காலில் விழுந்தது என்று காரணம் பல. அனுபவம் குறைந்த ஆலோசகர் இதில் கோபப்படுவார். "இவங்களுக்காக ஓடினோமே" என்பார். கோபத்தை அந்தப் பெண் கண்டுகொண்டால் அடுத்த முறை வர மாட்டார். பழகியவர்கள் சம்பவ அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்து, வீட்டில் வைக்க முடியாவிட்டால் அலுவலகத்திலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திட்டத்தை மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டி, எந்த எண்ணில் எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அனுப்புவார்கள். மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று என்று அழைப்பு போகும். இரண்டாம் முறை அவர் வரும்போது முதல் சம்பவத்தின் தேதியும், ஏ.ஆர். காப்பியும், சி.எஸ்.ஆர். எண்ணும் கோப்பில் இருக்கும். மனு அன்றைக்கே தயாராகிவிடும்.